முதலில் அவன் பேசட்டும்

பள்ளிகள் இடைநீக்கத்தை அளவுக்கு மீறி நம்புகின்றனவா? ஆம் என்பதே என் கட்சி. அமெரிக்கப் பள்ளிகளின் வரலாற்றைச் சான்றாக வைக்கிறேன்.

1971ஆம் ஆண்டு. ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ் நகரில், ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கலவரம். லோப்பெஸ் என்ற மாணவரை விசாரணையின்றி இடைநீக்கம் செய்தார்கள். அவரோ தாம் அதில் பங்கெடுக்கவில்லை என்றார். பக்கத்தில் நின்றது மட்டுமே என்றார். அதைச் சொல்லக்கூட வாய்ப்பில்லை. அவரும் அவரைப் போன்ற வேறு சிலரும் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1975இல், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: குற்றத்தைச் சொல்லுங்கள், மாணவன் தரப்பையும் கேளுங்கள்.

கேட்கச் சொன்னார்களே தவிர, இடைநீக்கத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. 1994இல் இன்னொரு சட்டம்: துப்பாக்கி கொண்டுவந்தால் ஓராண்டு நீக்கம். அது நியாயமே. ஆனால் அந்தக் கடுமை சிறு தவறுகளுக்கும் பரவியது. 2011-12 கல்வியாண்டில் மூன்று மில்லியனுக்கும் அதிகமான மாணவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். வெள்ளை இன மாணவர்களைவிடக் கறுப்பின மாணவர்களின் விகிதம் மூன்று மடங்கு.

கலிபோர்னியா விழித்துக்கொண்டது. கீழ்ப்படியாமைக்கு மட்டும் இடைநீக்கம் கூடாது என்று 2014இல் மூன்றாம் வகுப்பு வரையிலும், 2023இல் 12ஆம் வகுப்பு வரையிலும் சட்டம் இயற்றியது.

கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிறரைத் தாக்குபவனை விலக்கத்தான் வேண்டும். ஆனால் எதிர்த்துப் பேசினான் என்பதற்காக வாசலை அடைத்தால், அவன் இழப்பது பாடத்தை. அடங்காத பிள்ளைக்குத்தானே ஆசிரியர் அதிகம் தேவை?