நன்றிக்கடனும் முன்பணமும்: விசித்திர ஆர்.பி.ஜி. தொடர்ச்சிகளும் ரசிகர் நிதியும்

2012ஆம் ஆண்டின் இறுதியில் 'டேல்ஸ் ஆஃப் கேம்ஸ்' என்ற சிறு குழு, ரசிகர்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 35,000 டாலர் கேட்டது. செய்யப்போவதாகச் சொன்ன கணினி ஆட்டத்தின் பெயர், 'தி மேஜிக்கல் ரெல்ம்ஸ் ஆஃப் டீர் ந நோக்: எஸ்கேப் ஃப்ரம் நெக்ரான் 7 – ரிவெஞ்ச் ஆஃப் கூஹுலின்: தி அஃபிஷியல் கேம் ஆஃப் தி மூவி – சாப்டர் 2 ஆஃப் தி ஹூப்ஸ் பார்க்லி சாகா'. அப்படியொரு திரைப்படமே கிடையாது. ஒரு மூச்சில் சொல்லி முடிக்க முடியாத இந்தப் பெயருக்கு 1,20,335 டாலர் சேர்ந்தது. ரசிகர்கள் சுருக்கமாக 'பார்க்லி 2' என்று அழைத்த அந்த ஆட்டம், முழுமையான வடிவில் இன்றுவரை வெளிவரவில்லை.

பணம் கொடுத்தவர்களை ஏமாளிகள் என்று தள்ளிவிடுவது எளிது. அது வரலாற்றைப் படிக்கும் முறையல்ல. எதற்காகக் கொடுத்தோம் என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது. வாங்கியவர்கள் அதை வேறொன்றாக எடுத்துக்கொண்டார்கள் என்பதே இக்கட்டுரையின் வாதம். தொடர்ச்சி ஆட்டங்களுக்கு ரசிகர் தரும் பணம், முதல் ஆட்டம் தந்த இன்பத்துக்கான நன்றிக்கடன். படைப்பாளியின் கணக்கில் அது இனி செய்யப்போவதற்கான முன்பணமாக ஏறுகிறது. இந்த இரண்டு கணக்குகளுக்கும் இடையிலான விரிசல் எப்படி உருவானது, எங்கே பெரிதானது, யார் அதைத் தாண்டினார்கள் என்பதைக் காலவரிசையில் பார்க்கலாம்.

கையொப்பமும் உழைப்பும்

ரசிகர் ஆதரவு பணமாக மாறுவதற்கு முன் அது கையொப்பமாகவும் உழைப்பாகவும் இருந்தது. விசித்திர ஆர்.பி.ஜி.களின் (பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களின்) குலமுதல்வன் என்று சொல்லத்தக்கது ஷிகேசாதோ இதோய் உருவாக்கிய 'மதர் 2'. 1994இல் ஜப்பானில் வெளியான இது, மறு ஆண்டு 'எர்த்பவுண்ட்' என்ற பெயரில் அமெரிக்காவுக்கு வந்தது. வாளையும் டிராகனையும் மையமாகக் கொள்ளாத ஆட்டம். பேஸ்பால் மட்டையோடு ஒரு சிறுவன், தொலைபேசியில் பேசும் அப்பா, பீட்சா, பேருந்து. அமெரிக்க விற்பனையில் தோற்று, அங்கே ஒரு சிறு கூட்டத்தின் நெஞ்சில் மட்டும் தங்கிப்போனது. அடுத்த பாகமான 'மதர் 3' 2006இல் ஜப்பானில் மட்டுமே வெளியானது.

அமெரிக்க ரசிகர்கள் முதலில் செய்தது மனு எழுதுவது. ஸ்டார்மென்.நெட் என்ற ரசிகர் வட்டத்தின் வழியே ஆயிரக்கணக்கான கையொப்பங்கள் திரண்டு, ஆட்டத்தை வெளியிட்ட நின்டெண்டோவுக்குப் போயின. பலனில்லை. பிறகு மொழிபெயர்ப்பைத் தாங்களே செய்தார்கள். தொழில்முறை மொழிபெயர்ப்பாளரான கிளைட் மாண்டலின் தலைமையில் 2008 அக்டோபரில் வெளியான அந்த ஆங்கில வடிவம் முதல் வாரத்திலேயே ஒரு லட்சம் தடவைக்கு மேல் பதிவிறக்கப்பட்டது. எல்லாம் கூலியில்லா வேலை.

இந்த வட்டத்தில் வளர்ந்தவர்தான் டோபி ஃபாக்ஸ். அவர் 2013இல் 'அண்டர்டேல்' ஆட்டத்துக்கு 5,000 டாலர் கேட்டபோது 2,398 பேர் சேர்ந்து 51,124 டாலர் தந்தார்கள். அண்டர்டேல் எதற்கும் தொடர்ச்சி அல்ல. ஆனாலும் வராமல் போன ஓர் ஆங்கில 'மதர் 3'க்காகக் காத்திருந்தவர்களின் ஏக்கம் அந்தத் தொகையில் கலந்திருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன்.

இலவசமாகக் கிடைத்ததற்கான கடன்

கிக்ஸ்டார்ட்டர் 2009 ஏப்ரலில் நியூயார்க்கில் தொடங்கியது. இலக்குத் தொகை எட்டப்பட்டால்தான் பணம் கைமாறும், இல்லையென்றால் ஒரு காசும் இல்லை. இதுதான் அதன் அடிப்படை விதி. தளத்துக்கு 5 சதவீதம், பணப்பரிமாற்றக் கட்டணம் வேறு. நம்மூர்ப் பதிப்பகங்களின் முன்வெளியீட்டுத் திட்டத்தோடு இதை ஒப்பிடத் தோன்றும். பெரும்பாலும் அங்கே புத்தகம் எழுதி முடிந்திருக்கும், அச்சுச் செலவுதான் பாக்கி. இங்கே எழுதவே தொடங்கியிருக்க மாட்டார்கள்.

பார்க்லியின் கதைக்குத் திரும்புவோம். இதன் முதல் பாகமான 'பார்க்லி, ஷட் அப் அண்ட் ஜாம்: கைடன்' 2008 ஜனவரியில் இலவசமாக வெளியானது. 1990களில் சார்ல்ஸ் பார்க்லி என்ற நிஜக் கூடைப்பந்து வீரரின் பெயரில் வந்த சாதாரண விளையாட்டு ஒன்றுக்கும், 'ஸ்பேஸ் ஜாம்' திரைப்படத்துக்கும் இது தொடர்ச்சி என்று தன்னைத்தானே அறிவித்துக்கொண்டது. உரிமம் ஏதும் கிடையாது. கதை 2053இல், புதிய நியூயார்க்கில் நடக்கிறது. 'கேயாஸ் டங்க்' என்ற பேரழிவு வீச்சால் கூடைப்பந்தே தடைசெய்யப்பட்டு, வீரர்கள் வேட்டையாடப்பட்ட உலகம். மீண்டும் ஒரு வீச்சு மன்ஹாட்டனை அழிக்க, பழி பார்க்லி மேல் விழுகிறது. அவரைத் துரத்திவருபவர் மைக்கேல் ஜோர்டன்.

இதெல்லாம் வெறும் கிண்டல் என்று நினைத்தால் ஆட்டத்தின் குணம் பிடிபடாது. ஒரு சிறு விஷயத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஆட்டத்தைச் சேமித்துக்கொள்ளும் இடங்கள் எல்லாம் பெட்ரோல் பம்புகள். பேசும் பம்புகள். வழியில் இளைப்பாற வந்த ஆட்டக்காரரை நிறுத்தி, ஜப்பானிய ஆர்.பி.ஜி.களைப் பற்றிய தங்கள் பிடிவாதமான கருத்துகளை நீட்டி முழக்கும். ஆர்.பி.ஜி. ரசிகர்களின் சண்டைகளை உள்ளிருந்தே அறிந்தவர்களால் மட்டும் எழுத முடிகிற நகைச்சுவை அது. கதையின் அடியில் ஒரு தந்தையின் துயரமும், முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இலவசமாக ஆடியவர்களுக்கு, 2012இல்தான் முதன்முறையாகக் கல்லாப்பெட்டி காட்டப்பட்டது. கேட்டதைவிட மூன்று மடங்குக்கு மேல் வந்ததற்கு இதுவே காரணம். இரண்டாம் பாகத்தின் விலைக்குள் முதல் பாகத்தின் பாக்கியும் அடங்கியிருந்தது.

குழுவோ வந்த பணத்தைப் புதிய ஆட்டத்தின் பரப்பாகக் கணக்கிட்டது. முதல் பாகம் ஒருவர் மாற்றி ஒருவர் அடிக்கும் பழைய பாணிச் சண்டை. இரண்டாவதோ உடனுக்குடன் சுடும் ஆட்டம். துப்பாக்கிகளை ஆடுமாடுகளைப்போல் இணைசேர்த்துப் புதிய இனத் துப்பாக்கிகளை ஈனச்செய்யும் அமைப்பு ஒன்றும் அதில் உண்டு. யோசனை அபாரம். செய்து முடிப்பது வேறு விஷயம். கட்டணங்கள் போக மிஞ்சியது சுமார் 1,10,000 டாலர். நான்கைந்து பேர் வேலையை விட்டுவிட்டு அமெரிக்காவில் ஓராண்டு வாழக்கூட அது போதாது.

இதற்கு நேரெதிர் உதாரணம் 'லிசா'. ஆஸ்டின் ஜோர்கென்சன் 2012இல் 'லிசா: தி ஃபர்ஸ்ட்' என்ற சிறு ஆட்டத்தை இலவசமாகத் தந்தார். அதன் தொடர்ச்சியான 'லிசா: தி பெயின்ஃபுல்'லுக்குக் கேட்டது 7,000 டாலர், கிடைத்தது 16,000 டாலருக்குச் சற்று மேல். 2014 டிசம்பரில் ஆட்டம் வெளியானது. பெண்களே இல்லாமல்போன ஒரு பாலைநிலத்தில், போதைக்கு அடிமையான பிராட் என்பவன் தான் வளர்த்த சிறுமியைத் தேடி அலையும் கதை. நண்பனின் உயிர் வேண்டுமா, உன் கை வேண்டுமா என்று வில்லன் கேட்பான். கையைக் கொடுத்தால், ஆட்டம் முடியும்வரை பிராட் ஊனத்தோடுதான் சண்டையிட வேண்டும். அழகுபடுத்தும் தந்திரம் ஏதுமில்லை.

ஜோர்கென்சன் ஏன் முடித்தார்? திறமையை மட்டும் காரணமாகச் சொன்னால் பார்க்லி குழுவுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். அவர் பெரும்பாலும் தனியாள். ஆர்.பி.ஜி. மேக்கர் என்ற ஆயத்தக் கருவியைப் பயன்படுத்தினார். சண்டை முறைக்குப் புதிய எந்திரம் எதையும் கட்டவில்லை. வந்த பணமும் அவர் ஆசையைப் பெருக்கும் அளவுக்குப் பெரிதாக இல்லை. இந்தக் கடைசிக் காரணம்தான் முக்கியம் என்பது என் எண்ணம்.

பதிப்பாளரிடமிருந்து மீட்பு

பெரிய தொகைகளின் கதை வேறு வகை. 2012 பிப்ரவரியில் டபுள் ஃபைன் நிறுவனம் ஒரு சாகச ஆட்டத்துக்கு 4,00,000 டாலர் கேட்க, 87,142 பேர் 33,36,371 டாலர் கொட்டினார்கள். இந்தக் கதவு திறந்ததும் உள்ளே நுழைந்தவர் பிரையன் ஃபார்கோ. அவருடைய இன்டர்பிளே நிறுவனம் உருவாக்கி 1988இல் வெளியான 'வேஸ்ட்லேண்ட்' ஆட்டத்தின் உரிமை நீண்ட காலம் பிறர் கையில் இருந்தது. 2003இல் அந்தப் பெயர் கைக்கு வந்த பிறகும் எந்தப் பதிப்பாளரும் தொடர்ச்சிக்குப் பணம் போடவில்லை. 2012 மார்ச்சில் ரசிகர்களிடம் 9,00,000 டாலர் கேட்டார். 61,290 பேர் 29,33,252 டாலர் தந்தார்கள்.

இங்கே நன்றிக்கடனோடு இன்னொன்றும் கலக்கிறது. பதிப்பாளர்கள் மதிக்காத ஒன்றை நாங்கள் மதிக்கிறோம் என்ற வீம்பு. விசித்திர ஆட்டங்களின் ரசிகருக்கு இந்த வீம்பு கூடுதல். 1999இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' அதற்குப் பொருத்தமான சான்று. சாக முடியாத, பெயரற்ற ஒருவன் பிணவறையில் கண்விழித்துத் தன் கடந்தகாலத்தைத் தேடும் கதை அது. சண்டையைவிட உரையாடலே அதிகம். அதன் உலகம் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதால், ஃபார்கோவின் இன்எக்சைல் நிறுவனம் 'டார்மென்ட்' என்ற பெயரை மட்டும் பெற்று, மான்டே குக்கின் 'நியூமனேரா' உலகத்தில் ஒரு மானசீகத் தொடர்ச்சியை அறிவித்தது. 2013 மார்ச்சில் தொடங்கிய வசூல் சுமார் ஏழு மணி நேரத்தில் பத்து லட்சம் டாலரைத் தொட்டது. முடிவில் 74,405 பேரிடமிருந்து 41,88,927 டாலர்.

'வேஸ்ட்லேண்ட் 2' அப்போது வெளிவரவே இல்லை. ஒரு கடன் தீருமுன் அடுத்த கடன். அது 2014 செப்டம்பரில் வந்தது, பாராட்டும் பெற்றது. 'டார்மென்ட்: டைட்ஸ் ஆஃப் நியூமனேரா' 2014 டிசம்பருக்குச் சொல்லப்பட்டு 2017 பிப்ரவரியில்தான் வந்தது. வசூலின்போது ஒவ்வொரு படி ஏறும்போதும் அறிவிக்கப்பட்ட கூடுதல் இலக்குகளில் சில வழியிலேயே உதிர்ந்தன. 'டாய்' என்ற துணைப் பாத்திரம் வெட்டப்பட்டது. இத்தாலிய மொழி வடிவம் கைவிடப்பட்டது. ஆட்டத்தின் எழுத்து நன்றாகவே இருந்தது. ஆனால் தாய்மொழியில் ஆடலாம் என்று நம்பிப் பணம் கட்டிய இத்தாலியருக்கு அது என்ன ஆறுதல்?

தொகையும் வாக்குறுதியும்

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியைச் சேர்ந்த ஈதன் மாலிக் 2014இல் வெளியிட்ட ஆய்வு, கிக்ஸ்டார்ட்டரின் பல்லாயிரம் திட்டங்களை ஆராய்ந்தது. பெரும்பாலான படைப்பாளிகள் சொன்னதைச் செய்ய முயல்கிறார்கள், ஆனால் 75 சதவீதத்துக்கு மேற்பட்டோர் தாமதிக்கிறார்கள், தாமதத்தின் அளவைத் திரண்ட தொகையின் அளவே முன்னறிவிக்கிறது என்றது. அவருடைய 2015ஆம் ஆண்டு ஆய்வு, சுமார் 9 சதவீதத் திட்டங்கள் வாக்களித்ததைத் தராமலே போகின்றன என்று கண்டது. பார்க்லி 2 அந்த 9 சதவீதத்தின் பக்கம் நிற்கிறது. டார்மென்ட் 75இன் பக்கம்.

ஆனால் அண்டர்டேல் இந்தக் கணக்கை இடறுகிறது. கேட்டதைவிடப் பத்து மடங்கு பெற்ற ஆட்டம் அது. 2014இல் எதிர்பார்க்கப்பட்டு 2015 செப்டம்பரில் வந்தது. தாமதம்தான், ஆனால் முழுமையாக வந்தது. ஆகவே தொகை மட்டும் குற்றவாளி அல்ல. தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் ஒரு தடயம் கிடைக்கிறது. அண்டர்டேலுக்கு ஒருவர் தந்தது சராசரியாக 21 டாலர். வேஸ்ட்லேண்ட் 2க்கு 48. டார்மென்டுக்கு 56. பழைய ஆட்டம் ஒன்றின் நினைவு சேரும்போது, கொடுக்கும் கையும் தாராளமாகிறது. 1999இல் மாணவராக இருந்தவர் 2013இல் சம்பளக்காரர் என்பது ஒரு காரணம். பரிசுப் பெட்டி, அச்சிட்ட நூல், ஆட்டத்துக்குள் தன் பெயர் என்று விலைப்படிகள் ஏறிக்கொண்டே போனது இன்னொரு காரணம். அந்தப் படிகள் ஒவ்வொன்றும் படைப்பாளிக்கு ஒரு கூடுதல் வேலை. நன்றியாக வந்த பணத்தை வாக்குறுதிகளாக மாற்றிய எந்திரம் இந்தக் கூடுதல் இலக்குப் பட்டியல்தான். ஃபாக்ஸின் ஆட்டம் அந்த எந்திரத்தில் பெரிதாகச் சிக்கவில்லை. சிறிய ஆட்டமாகவே தொடங்கி, சிறிய ஆட்டமாகவே முடிந்தது.

தளத்துக்கும் இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. பார்க்லி 2 வசூல் தொடங்குவதற்கு முன்பே, 2012 செப்டம்பரில், கிக்ஸ்டார்ட்டர் தன்னை ஒரு கடையாகக் கருத வேண்டாம் என்று பகிரங்கமாக அறிவித்தது. சரியான எச்சரிக்கை. ஆனால் பரிசுப் படிகளோடு கடைபோலவே பக்கத்தை வடிவமைத்துவிட்டுச் சொன்ன எச்சரிக்கை.

பின்னர் வழிகள் கிளைத்தன. 2013 மார்ச்சில், ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் தளம், செய்து முடிக்கப்படாத ஆட்டத்தையே விற்கும் 'ஏர்லி ஆக்சஸ்' முறையைத் தொடங்கியது. லேரியன் நிறுவனம் 'டிவினிட்டி: ஒரிஜினல் சின்' தொடருக்குக் கிக்ஸ்டார்ட்டரையும் இந்த முறையையும் சேர்த்துப் பயன்படுத்தியது. 2015இல் தொடங்கிய 'ஃபிக்' தளம் ரசிகரை முதலீட்டாளராகவும் ஆக்கியது. 'வேஸ்ட்லேண்ட் 3' 2016இல் அங்கேதான் வசூலித்தது. 2018இல் இன்எக்சைலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, பதிப்பாளரிடமிருந்து மீட்கப்பட்ட பெயர் இன்னும் பெரிய பதிப்பாளரிடம் போய்ச் சேர்ந்தது. கிக்ஸ்டார்ட்டரில் பணம் தந்தவர்களுக்கு அந்த விற்பனையில் பங்கு ஏதுமில்லை. சட்டப்படி இருக்கவும் வழியில்லை.

டோபி ஃபாக்ஸ் தன் அடுத்த ஆட்டமான 'டெல்டாரூன்'னுக்கு ரசிகர்களிடம் நிதி கேட்கவே இல்லை. அண்டர்டேலின் விற்பனைக்குப் பிறகு, எந்தத் தொகையைக் கேட்டிருந்தாலும் ஒரே நாளில் திரண்டிருக்கும். முதல் அத்தியாயம் 2018 அக்டோபரிலும் இரண்டாவது 2021 செப்டம்பரிலும் இலவசமாக வந்தன. மூன்றும் நான்கும் முடிந்த பிறகே, 2025 ஜூனில், ஆட்டம் விலைக்கு வந்தது.