ஐந்தாம் சக்கரத்தைக் கழற்றுவது எப்படி எளிதானது? ஒரு சிறு வரலாறு

சென்னைத் துறைமுகம் பக்கம் போனவர்கள் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் இழுக்கும் வண்டி தனி, பின்னால் வரும் ட்ரெய்லர் தனி. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது, இழுக்கும் வண்டியின் முதுகில் படுத்திருக்கும் கனத்த இரும்புத் தட்டு. அதற்கு 'ஃபிஃப்த் வீல்', அதாவது ஐந்தாம் சக்கரம் என்று பெயர். பத்துச் சக்கரம் ஓடுகிற வண்டியில் ஐந்தாம் சக்கரம் எங்கிருந்து வந்தது? ஒரு செமினாருக்காக இதைத் தேடப் போன நான், கடைசியில் அமெரிக்கப் பிக்கப் வண்டிக்காரர்களின் முதுகுவலியில் போய் நின்றேன்! அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குதிரை வண்டியில் பிறந்த பெயர்

19ஆம் நூற்றாண்டில் மேற்கு நாடுகளில் ஓடிய நாலு சக்கரக் குதிரை வண்டிகளில், வளைவில் திரும்புவதற்கு முன் அச்சு மட்டும் தனியாகச் சுழல வேண்டும். அதற்காக அச்சுக்கும் வண்டிக் கூட்டுக்கும் நடுவே ஒரு வட்ட இரும்பு வளையத்தைப் படுக்கைவாட்டில் வைத்தார்கள். ஓடுகிற சக்கரம் நான்கு, படுத்திருக்கிற இது ஐந்தாவது. பெயர் அப்படித்தான் வந்தது.

மோட்டார் வண்டி வந்த பிறகும் பெயர் போகவில்லை. 1910களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த சார்லஸ் மார்ட்டின், மோட்டார் டிராக்டரோடு ட்ரெய்லரை இணைக்க இதே கருத்தை எடுத்துக்கொண்டார். 1914இல் டெட்ராய்ட்டில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரிடம் மர வியாபாரி ஒருவர் வந்து, தன் படகை ஃபோர்டு காரின் பின்னால் இழுத்துப் போக வழி கேட்டார். கொல்லர் செய்து கொடுத்த வண்டி நன்றாக ஓடியது. மரம் ஏற்றவும் அதே மாதிரி வேண்டும் என்றார் வியாபாரி. 1918இல் அது ஃப்ரூஹாஃப் ட்ரெய்லர் கம்பெனி ஆனது.

இன்றைய இணைப்பு வேலை செய்யும் விதம் எளிமையானது. ட்ரெய்லரின் அடியில் கிங்பின் என்ற உருண்டையான எஃகுக் கம்பி தொங்கும். விட்டம் 2 அங்குலம். இழுக்கும் வண்டி பின்னால் வரும்போது கம்பி தட்டின் பிளவுக்குள் நுழையும், தாடை போன்ற பூட்டு அதைக் கவ்விக்கொள்ளும். நெம்புகோலை இழுத்தால் தாடை திறக்கும்.

பிரிப்பதில் இருந்தது லாபம்

சேர்ப்பதைவிடப் பிரிப்பதில்தான் காசு இருந்தது. ஒரு ட்ரெய்லரில் சரக்கு இறங்கும்வரை டிரைவர் காத்திருக்க வேண்டாம். அதை விட்டுவிட்டு, சரக்கு ஏற்றித் தயாராக நிற்கும் இன்னொன்றை மாட்டிக்கொண்டு போகலாம். குதிரைக்குப் பதிலாக இங்கிலாந்தின் ரயில்வே கம்பெனிகள் பயன்படுத்திய ஸ்காமெல் 'மெக்கானிக்கல் ஹார்ஸ்' (1934) இதற்காகவே பிறந்த மூன்று சக்கர வண்டி. ரிவர்ஸில் வந்தாலே ட்ரெய்லர் தானாக மாட்டிக்கொள்ளும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். லாரியில் ட்ரெய்லர்தான் கழறுகிறது. இணைப்புத் தட்டு வண்டியின் முதுகிலேயே கிடக்கிறது. லாரிக்கு இழுப்பதைத் தவிர வேறு வேலை இல்லையே! ஆனால் பிக்கப் அப்படி இல்லை.

இரண்டு வேலை செய்யும் வண்டி

விமான முன்னோடி கிளென் கர்டிஸ் 1920களின் இறுதியில் புளோரிடாவில் 'ஏரோகார்' என்ற பயண வீட்டைத் தயாரித்தார். இழுக்கும் காரின் பின்பகுதியில் காற்றடைத்த டயர் ஒன்றைப் படுக்கவைத்து, அதன் நடுவில் ட்ரெய்லரின் கம்பியை இறக்கினார். குலுக்கல் குறைந்தது. ஐந்தாம் சக்கரம் நிஜமாகவே சக்கரமானது அப்போதுதான்!

பின்னால் பெரிய பயண வீடுகளைப் பிக்கப்பின் சரக்குப் படுக்கையிலேயே இணைக்கும் வழக்கம் அமெரிக்காவில் பரவியது. காரணம் இயற்பியல். பம்பரில் மாட்டினால் சுமை பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும், ட்ரெய்லர் வாலாட்டும். படுக்கையில் மாட்டினால் சுமை பின் அச்சின் மேலேயே உட்காரும். ட்ரெய்லர் எடையில் சுமார் 15 முதல் 25 சதவீதம்வரை அந்த ஒரு புள்ளியில் இறங்குகிறது.

இதற்கு விலை, படுக்கை பறிபோவது. திங்கட்கிழமை செங்கல் ஏற்ற வேண்டிய இடத்தின் நட்டநடுவில் ஒரு இரும்புக் கோபுரம் நிற்கும். எடை பல மாடல்களில் 70 கிலோவுக்கு மேல், சிலவற்றில் 130 கிலோ வரை. இடுப்பு உயரப் படுக்கையின் நடுவிலிருந்து எட்டித் தூக்க வேண்டும். முதுகைப் பிடிக்காமல் என்ன செய்யும்? பலர் ஷெட்டின் உத்தரத்தில் கயிறும் கப்பியும் கட்டித் தூக்கினார்கள். சிலர் எஞ்சின் இறக்கும் கிரேனைக் கொண்டுவந்தார்கள். தட்டில் தடவிய கிரீஸ் சட்டையில் ஒட்டுவது தனித் தொல்லை. அதற்காகவே பின்னால் பிளாஸ்டிக் வட்டத் தகடுகள் வந்தன.

படுக்கையை மீட்ட கதை

முதலில் வந்த வழி, படுக்கையில் இரண்டு தண்டவாளங்களை போல்ட் போட்டு, அவற்றில் ஹிட்சை நான்கு பின்களால் மாட்டுவது. பின்களை உருவினால் ஹிட்ச் வரும். ஆனால் தண்டவாளம் அங்கேயே இருக்கும். மண்வெட்டி தட்டும், பலகை இடிக்கும், துளைகளில் மண் அடைத்துக்கொள்ளும்.

அடுத்த யோசனை கான்சாஸ் மாநிலத்தின் ஹம்போல்ட் என்ற சிற்றூரிலிருந்து வந்தது. அங்கே 1987இல் தொடங்கிய பி அண்ட் டபிள்யூ நிறுவனம், பாரம் தாங்கும் இரும்பை எல்லாம் படுக்கைக்குக் கீழே சட்டத்தோடு பொருத்தியது. மேலே தெரிவது ஒரு துளை மட்டும். அதில் நிற்கும் இணைப்புக் குண்டை வேலை முடிந்ததும் தலைகீழாகத் திருப்பி அதே துளைக்குள் விட்டுவிடலாம், படுக்கை சமதளமாகிவிடும். பிறகு ஐந்தாம் சக்கர ஹிட்சையே அந்தத் துளையில் மாட்டும்படி இரண்டு துண்டாகச் செய்தார்கள். தலை தனி, அடி தனி.

2011 மாடல் சூப்பர் டூட்டி வண்டிகளில் ஃபோர்டு, தொழிற்சாலையிலேயே படுக்கையில் குழிகள் வைத்துத் தரத் தொடங்கியது. ஹிட்சின் நான்கு கால்கள் அவற்றில் இறங்கிப் பூட்டிக்கொள்ளும். மற்ற கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. இன்னொரு பக்கம் ஆண்டர்சன் நிறுவனம் அலுமினியத்தில் சுமார் 16 கிலோ எடையில் ஒரு இணைப்பைக் கொண்டுவந்தது. ஒரே ஆள் ஒரு மூட்டை போலத் தூக்கி வைத்துவிடலாம்.

எளிதானால் போதுமா?

எளிதாகக் கழறுவது, தவறாக மாட்டவும் எளிது. தினமும் தொடாத போல்ட்டை ஒருமுறை சரியாக முடுக்கினால் போதும். அடிக்கடி கழற்றும் பின்னை ஒவ்வொரு முறையும் சரியாகப் போட வேண்டும். கிங்பின் சற்று உயரத்தில் வந்தால் தாடை அதைக் கவ்வாமலே மூடிக்கொள்வதும் உண்டு. வண்டி நகர்ந்ததும் ட்ரெய்லரின் மூக்கு படுக்கையின் பக்கச் சுவர்கள்மேல் விழும். நெடுஞ்சாலையில் நடந்தால் பின்னால் வருபவருக்கும் ஆபத்து.

அதனால்தான் பழகிய ஓட்டுநர்கள் பூட்டு மூடியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார்கள். ட்ரெய்லர் கால்களைத் தூக்கும் முன்பே, அதன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, வண்டியை மெல்ல முன்னுக்கு இழுத்துச் சோதிக்கிறார்கள். இணைப்பு அறுந்தால் ட்ரெய்லரின் பிரேக்கைத் தானே போடும் கம்பியையும் மாட்டுகிறார்கள்.

முடிவாக

ஆரம்பத்தில் கேள்வி 'எப்படிச் சேர்ப்பது?' பிறகு 'எப்படிச் சீக்கிரம் பிரிப்பது?' கடைசியில் 'சேர்த்ததன் சுவடே தெரியாமல் எப்படி எடுப்பது?' ஒவ்வொரு விடையும் எடையைக் குறைத்தது அல்லது வேறு இடத்துக்கு மாற்றியது. பொறுப்பை மட்டும் எந்த விடையும் குறைக்கவில்லை. நாளை நாம் ஒரு மெஷின் வரையும்போது, அதைக் கழற்றப் போகிறவரின் முதுகை நினைப்போம். அவர் அதைத் திரும்ப மாட்டும்போது, சரியாக மாட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க ஒரு வழியும் வைப்போம்.