சீலியாக் நோயில் தன்னெதிர்ப்பொருள் பிறக்கும் விதம்

தன்னுடல் தாக்கு நோய்கள் பெரும்பாலானவற்றில் தாக்குதலைத் தூண்டிவிடுவது எது என்று சுட்டிக்காட்ட முடிவதில்லை. சீலியாக் நோயில் அது தெரியும்: கோதுமை, பார்லி, ரை தானியங்களிலுள்ள குளூட்டன். டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே 1950-இல் அளித்த ஆய்வேட்டிலேயே கோதுமையின் பங்கை நிறுவினார். ஆனால் நோயாளியின் ரத்தத்தில் குளூட்டனுக்கு எதிரான எதிர்ப்பொருளோடு, உடலின் சொந்த நொதி ஒன்றுக்கு எதிரானதும் நிறைந்திருக்கிறது. அந்த நொதி டிரான்ஸ்குளூட்டமினேஸ் 2 என்பதை 1997-இல் டீட்டரிக், ஷுப்பான் குழுவினர் கண்டறிந்தனர். உணவின்மேல் எழுந்த எதிர்ப்பு உடல்மீது திரும்பியது எப்படி?

நோய் எதிர்ப்பு மண்டலம் தன் உடலையே அடையாளம் காண மறந்துவிட்டது என்ற வழக்கமான விளக்கம் இங்கே பொருந்தாது என்பது என் வாதம். பி செல் வலுவான எதிர்ப்பொருளைச் சுரக்க டி செல்லின் துணை தேவை. இந்த நொதியை இனங்காணும் டி செல்களுக்கு உறுதியான சான்று அரிது. குளூட்டனை இனங்காணும் டி செல்களோ நோயாளியின் சிறுகுடலிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டுள்ளன. அப்படியானால் துணை அங்கிருந்துதான் வர வேண்டும்.

வழி இதுதான். டிரான்ஸ்குளூட்டமினேஸ் 2, குளூட்டன் புரதத்தின் பகுதியான கிளியாடினின் துண்டுகளிலுள்ள குளூட்டமினைக் குளூட்டமேட்டாக மாற்றுகிறது. அதனால் கூடும் எதிர்மின்னூட்டம், டி செல்களுக்குத் துண்டுகளைக் காட்டும் டி.கியூ.2, டி.கியூ.8 ஆகிய எச்.எல்.ஏ. மூலக்கூறுகளில் அத்துண்டுகளை இறுகப் பொருத்துகிறது. அதே வேலையினூடே நொதி கிளியாடினோடு பிணைந்தும்விடுகிறது. நொதியை இனங்காணும் பி செல் இந்தக் கூட்டை அப்படியே உள்ளிழுத்து, கிளியாடின் துண்டை வெளியே காட்டுகிறது. குளூட்டனை அறிந்த டி செல் அதைக் கண்டு பி செல்லுக்குத் துணை நிற்கிறது. துணை கிடைத்தது குளூட்டனின் பெயரில். சுரப்பது நொதிக்கு எதிரான எதிர்ப்பொருள். ஆஸ்லோவின் சோலிட் குழுவினர் 1997-இல் முன்வைத்த இந்தக் கருதுகோளைப் பின்வந்த சான்றுகள் வலுப்படுத்தியுள்ளன. இந்த எதிர்ப்பொருள் ஏறத்தாழ டி.கியூ.2, டி.கியூ.8 உள்ளவர்களிடம் மட்டுமே காணப்படுகிறது. குளூட்டனை விலக்கினால் படிப்படியாகக் குறைகிறது. உடல் தன்னை மறந்திருந்தால், உணவை மாற்றியதும் இது ஏன் தணிய வேண்டும்?

உற்பத்தி நடக்குமிடமும் முக்கியம். நோயுற்ற சிறுகுடலில், பி செல்லிலிருந்து உருவாகி எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களில் சராசரியாகப் பத்தில் ஒன்று இந்த நொதியையே குறிவைக்கிறது என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவற்றின் எதிர்ப்பொருள் மரபணுக்களில் மாற்றங்கள் குறைவு. நீண்டகாலம் தேர்ந்து கூர்மையடைந்த எதிர்ப்பாக இது தெரியவில்லை.

அப்படியானால் எதிர்ப்பொருள் வெறும் உடன்விளைவா? குடலுறிஞ்சிகளை அழிப்பதில் முதன்மையானவை டி செல்களே என்பதை ஏற்கிறேன். ஆனால் பி செல் வழிவந்த செல்களைப் புறந்தள்ள இயலாது. அழற்சியுற்ற குடலில் குளூட்டன் துண்டை மிகுதியாகக் காட்டி நிற்பவை பிளாஸ்மா செல்களே என்று 2019-இல் அறியப்பட்டது. எதிர்ப்பொருள் ஆயுதமாக இல்லாவிடினும், அதைச் சுரக்கும் செல் அழற்சியை வளர்க்கக்கூடும். சிகிச்சை ஆய்வுகள் இங்கே கவனம் செலுத்த வேண்டும்.

எதிர்ப்பொருள் குளூட்டனைச் சார்ந்திருப்பது நோயறிதலுக்கும் நேரடியாகப் பொருந்தும். சந்தேகம் எழுந்ததும் கோதுமையை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பிறகு ரத்தம் எடுத்தால், பரிசோதனை பொய்யாக இயல்பு நிலையைக் காட்டலாம். ஐ.ஜி.ஏ. வகை எதிர்ப்பொருள் குறைபாடு உள்ளவர்களிடம், அவ்வகையையே அளக்கும் வழக்கமான பரிசோதனை நோயைத் தவறவிடும். ஆகவே மருத்துவர்கள் குளூட்டன் உணவு தொடரும்போதே, மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். உணவுக் கட்டுப்பாடு அதன் பிறகுதான்.