ஒரு காய்ச்சலைத் துரத்த எத்தனை துறைகள் தேவைப்பட்டன?



சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்த கையோடு நம் ஊர்களில் ஒரு பேச்சு கிளம்பும். "பிள்ளைக்கு எத்தனை ஏ? அப்ப சயன்ஸா, மெட்ஸா?" பிள்ளை "ஆர்ட்ஸ்" என்று சொல்லிவிட்டால் பெற்றோர் ஏதோ குற்றம் செய்தவர்களைப் போலக் குரலைத் தாழ்த்துவார்கள். ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டும் நுணுக்குக்காட்டியும்தான், சரித்திரமும் சமூகவியலும் மனப்பாடம் செய்து எழுதும் பாடங்கள்தான் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போய்விட்டது.

இந்த எண்ணம் சரியா என்று பார்க்க நம் நாட்டுச் சரித்திரத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அது மலேரியா. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

1934ஆம் ஆண்டு தென்மேல் பருவமழை பொய்த்தது. எப்போதும் நிறைந்து ஓடும் மகா ஓயா, தெதுறு ஓயா போன்ற ஆறுகள் வற்றி, மணலுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கியது. அவ்வருடம் ஒக்டோபரில் தொடங்கிய காய்ச்சல் கேகாலை, குருணாகல் பகுதிகளை வாரிச் சுருட்டியது. அடுத்த வருட நடுப்பகுதிக்குள் சுமார் 80,000 பேர் இறந்துபோனார்கள். அன்று இலங்கையின் மொத்த மக்கள் தொகை ஐம்பது இலட்சத்துக்குச் சற்றுத்தான் அதிகம். அந்தக் கணக்கில் பார்த்தால் இழப்பின் பாரம் விளங்கும்.

ஏன் இப்படி நடந்தது? முதல் பதில் உயிரியலில் இருந்து வந்தது. 1880இல் அல்ஜீரியாவில் பணியாற்றிய லாவரன் என்ற பிரெஞ்சு இராணுவ வைத்தியர், நோயாளியின் இரத்தத்தில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1897இல் ரொனால்ட் ரோஸ் இந்தியாவின் செகந்திராபாத்தில் அதே ஒட்டுண்ணியை நுளம்பின் வயிற்றுச் சுவரில் கண்டுபிடித்தார். அதன்பின் நுளம்புகளை இனம் இனமாகப் பிரித்து ஆராயத் தொடங்கினார்கள். இலங்கையில் மலேரியாவைப் பரப்புவதில் முதலிடம் அனொபிலிஸ் இனத்தில் ஒரு வகைக்கு, கியூலிசிபேசிஸ் என்பதற்கு, என்பது தெரியவந்தது. அது ஓடும் வெள்ளத்தில் முட்டையிடாது. வெயில் படும் தெளிந்த குட்டைகள்தான் அதற்குப் பிடித்தமான இடம். மழை கூடினால் நுளம்பு கூடும் என்றுதான் நாம் நினைப்போம். அந்த ஆறுகளில் நடந்தது நேர்மாறு. மழை குறைந்ததால்தான் நுளம்பு பெருகியது.

அடுத்த கேள்வி: உலர் வலயம்தான் மலேரியாவுக்குப் பேர்போனது. அப்படியிருக்க, கேகாலையில் ஏன் இவ்வளவு சாவு? உலர் வலயத்து மக்கள் சின்ன வயதிலிருந்தே திரும்பத் திரும்பக் காய்ச்சல் கண்டு ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்தார்கள். ஆற்றோர ஈரப் பகுதி மக்களுக்கு அது இருக்கவில்லை. இது மருத்துவம் தந்த விளக்கம்.

ஆனால் விடயம் அத்தோடு முடியவில்லை. ஒரே ஊரில் எல்லோரையும்தான் நுளம்பு கடித்தது. ஏழைகள் ஏன் அதிகமாக இறந்தார்கள்? உலகப் பொருளாதார மந்தத்தால் றப்பர், தெங்கு விலைகள் விழுந்து, கூலி வேலை குறைந்து, மக்கள் பசியோடு இருந்த காலம் அது. சூரியமல் இயக்கத்துத் தொண்டர்கள் கிராமங்களுக்குப் போனபோது மருந்தோடு உணவும் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவர்களில் ஒருவரான எஸ். ஏ. விக்கிரமசிங்க வைத்தியர். இன்னொருவரான என். எம். பெரேரா லண்டனில் அரசியல் விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஒருவர் காய்ச்சலைப் பார்த்தார், மற்றவர் அந்தக் காய்ச்சலுக்குப் பின்னால் இருந்த பசியையும் ஆட்சியையும் பார்த்தார் என்று சொல்லலாம். பிற்காலத்தில் மார்கரெட் ஜோன்ஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் பழைய ஆவணங்களைப் புரட்டி, குடியேற்ற ஆட்சியின் சுகாதார சேவை இந்தத் தொற்றை எப்படி எதிர்கொண்டது என்று எழுதினார்கள். அதுவும் ஆராய்ச்சிதான். அதற்கு நுணுக்குக்காட்டி தேவைப்படவில்லை, கடிதக் கட்டுகளும் அறிக்கைகளும் தேவைப்பட்டன.

பிறகு இரசாயனவியலின் முறை வந்தது. 1939இல் போல் முல்லர் என்ற சுவிஸ் இரசாயனவியலாளர், டி.டி.ரி. பூச்சிகளைக் கொல்லும் என்று கண்டுபிடித்தார். அதற்காக 1948இல் நோபல் பரிசும் பெற்றார். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு இலங்கையில் வீடு வீடாகச் சுவர்களில் அந்த மருந்தை அடித்தார்கள். 1946இல் ஆயிரம் பேருக்கு 20 அளவில் இருந்த நாட்டின் இறப்பு வீதம் 1947இல் 14 அளவுக்கு இறங்கியது. உலகமே இலங்கையைத் திரும்பிப் பார்த்தது.

"எல்லாம் டி.டி.ரி. செய்த வேலை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் குடித்தொகையைப் படிப்பவர்கள் விடவில்லை. பீட்டர் நியூமன் என்ற பொருளியலாளர், இந்த வீழ்ச்சியில் பெரும்பங்கு மலேரியா ஒழிப்புக்கே உரியது என்று கணக்குக் காட்டினார். பிரெட்ரிக்சன் என்பவர் அதை மறுத்து, மலேரியா குறைவான பகுதிகளிலும் இறப்பு குறைந்ததே, உணவும் வாழ்க்கை நிலையும் மேம்பட்டதை மறக்கலாமா என்று கேட்டார். நம் நாட்டவரான எஸ். ஏ. மீகமவும் இந்த விவாதத்தில் எழுதினார். 1960களிலும் 70களிலும் உலகின் குடித்தொகை ஆய்வாளர்கள் வாதிட்ட பெரிய கேள்விகளில் இதுவும் ஒன்று. மருந்து மட்டும் போதுமா, சோறும் ஆஸ்பத்திரியும் படிப்பும் வேண்டுமா என்பதுதான் அந்தக் கேள்வியின் சாரம். ஒரு நாடு தன் பணத்தை எதில் போடுவது என்பது அதன் பதிலில்தான் தங்கியிருக்கிறது.

1963இல் முழு நாட்டிலும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர் மட்டுமே. வென்றுவிட்டோம் என்ற நினைப்பு வந்தது. மருந்தடிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் நோயாளிகள் ஐந்து இலட்சத்தைத் தாண்டினார்கள். மழை குறைந்ததும், மாணிக்கக்கல் தேடி மக்கள் காட்டுப் பக்கம் போய்த் தோண்டிய குழிகளில் தண்ணீர் தேங்கியதும் காரணங்களில் அடங்கும். காலப்போக்கில் நுளம்பும் டி.டி.ரி.க்குப் பழகிவிட்டது. மனிதர்கள் எதற்காக, எங்கே, எப்போது நடமாடுகிறார்கள் என்பதை அறியாமல் நுளம்பை மட்டும் படித்தால் போதாது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டுமா? பேராதனைப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் காலிங்க டியூடர் சில்வா, இலங்கை மலேரியாவின் சமூக வரலாற்றை ஒரு தனி நூலாகவே எழுதினார்.

இன்னும் பின்னால் போனவர்களும் உண்டு. அநுராதபுரமும் பொலனறுவையும் ஏன் கைவிடப்பட்டன? மலேரியாதான் காரணம் என்று 1921இல் நிக்கல்ஸ் எழுதினார். புவியியலாளர் ரோட்ஸ் மர்பி 1957இல் இந்தக் கேள்வியை விரிவாக ஆராய்ந்தார். நம் தமிழ் வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா 1971இல் பல அறிஞர்களின் கட்டுரைகளைத் தொகுத்து, இராஜரட்டையின் வீழ்ச்சி பற்றிய நூலொன்றை வெளியிட்டார். குளங்கள் உடைந்து பராமரிப்பாரற்றுப் போன பிறகுதான் மலேரியா அங்கே நிலைகொண்டு, மக்கள் திரும்பி வராமல் தடுத்திருக்கக்கூடும் என்பது இந்த விவாதத்தில் முன்வைக்கப்பட்ட ஒரு முக்கியமான கருத்து. நோய் காரணமா, விளைவா என்று பிரித்தறிவது சரித்திரம் படித்தவரின் வேலை.

ஆசிரியர்களாகிய நமக்கு நெருக்கமான ஆய்வு ஒன்றும் உண்டு. 2010இல் அட்ரியன் லூக்கஸ் என்ற பொருளியலாளர் இலங்கையையும் பராகுவேயையும் எடுத்துப் பார்த்தார். மலேரியா முன்பு அதிகமாக இருந்த பகுதிகளில், அது ஒழிந்த பிறகு பெண்பிள்ளைகள் படித்த வருடங்களும் எழுத்தறிவும் கூடியதை அவர் காட்டினார். நம் நாட்டு மருத்துவ ஆய்வாளர்களும், மலேரியா திரும்பத் திரும்ப வந்த பிள்ளைகள் மொழியிலும் கணிதத்திலும் பின்தங்கியதைக் கண்டார்கள். "இந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்று நாம் சொல்லிவிட்டுப் போகும் பிள்ளைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யோசிக்க வைக்கும் ஆய்வுகள் இவை.

யுத்த காலத்திலும் மலேரியாத் தடுப்பு வேலை முற்றாக நிற்கவில்லை. 2016 அறிவிப்புக்கு முன் நாட்டுக்குள்ளேயே தொற்றிய கடைசி நோயாளி 2012இல் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதே வருடக் கடைசியில் மன்னாரில் ஸ்டெபன்சி என்ற புது வகை அனொபிலிஸ் நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இது ஆற்றுக் குட்டையைத் தேடிப் போவதில்லை. வீட்டுக் கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் வளரும். வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணியோடு ஒருவர் வந்தால் போதும், மறுபடி தொடங்கிவிடலாம். நம் கிணற்றடியை எட்டிப் பார்க்க ஒருவர் வேண்டும். வெளிநாடு போய் வருபவர்களின் வாழ்க்கையை அறிந்த ஒருவரும் வேண்டும்.

ஆகவே உறவுகளே, பிள்ளையிடம் "எந்தப் பிரிவு?" என்று கேட்பதற்கு முன், "எதைப் பற்றி அறிய ஆசை?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விஞ்ஞானத்தை விரும்பும் பிள்ளை தாராளமாக அதைப் படிக்கட்டும். சரித்திரமோ புவியியலோ பொருளியலோ கேட்கும் பிள்ளையை மார்க் குறைந்த பிள்ளையாகப் பார்க்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வயதான மூத்தம்மா, மூத்தப்பா இருந்தால், மலேரியாக் காய்ச்சல் பற்றியும் கசப்பான கொயினா மருந்து பற்றியும் சுவருக்கு மருந்தடித்த காலம் பற்றியும் கேளுங்கள். கேட்டதைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதவையுங்கள், கருத்துப் பகுதியிலும் பதியுங்கள். இன்ஷா அல்லாஹ், நம் ஊரின் பகுதியை நாமே தொகுத்து வைப்போம்.