ஆயில் கூலர் இடம் மாறிய கதை

மூன்று சிலிண்டர்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தினால் நடுவில் இருப்பதற்குக் காற்று போதாது. 1960களில் பிரிட்டனில் பெர்ட் ஹாப்வுட்டும் டக் ஹீலும் 750 சிசி வண்டி ஒன்றை வடிவமைத்தபோது சந்தித்த முக்கியமான சிக்கல்களில் இதுவும் ஒன்று. 1968இல் அது டிரையம்ஃப் டிரைடன்ட், பிஎஸ்ஏ ராக்கெட் 3 என்று இரண்டு பெயர்களில் வெளியானது. இன்ஜினின் திறன் 58 குதிரைத்திறன். வெளியில் தகடு தகடாக நிற்கும் ஃபின்கள் மட்டும் அவ்வளவு சூட்டையும் வெளியேற்றிவிடாது. அதனால் ஆயில் கூலரைக் கம்பெனியே பொருத்திக் கொடுத்தது. அன்றைக்குச் சாலை வண்டிகளில் இது அபூர்வம்.

அந்தக் கூலரைப் பெட்ரோல் டேங்கின் மூக்குக்கு அடியில் வைத்தார்கள். வண்டி கீழே விழுந்தாலும் அடிபடாது, முன்சக்கரம் வாரியடிக்கும் கல்லும் சேறும் அவ்வளவு உயரத்துக்கு எட்டாது, பார்வைக்கும் உறுத்தாது. சாலையில் ஓட்டுகிறவருக்கு இது நல்ல இடம். பந்தயத்தில் நிலைமை வேறு. ஃபேரிங் என்னும் முகக்கூடு வண்டியை மூடிக்கொண்டால், எதிர்க்காற்று கூடு மேலேயே வழுக்கிப் போய்விடுகிறது. உள்ளே இருக்கும் கூலர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதன் வழியே காற்று பாயாவிட்டால் பயனில்லை.

1970 டேடோனா 200 மைல் பந்தயத்தில் மைக் ஹெயில்வுட் ஓட்டிய பிஎஸ்ஏ இன்ஜின் கோளாறால் பாதியிலேயே நின்றது. அந்த ஆண்டு வென்றவர் ஹோண்டா சிபி750 ஓட்டிய டிக் மான். அடுத்த ஆண்டு மூன்று சிலிண்டர் வண்டிகள் புதுக் கோலத்தில் வந்தன. ராப் நார்த் வடிவமைத்த ஃபிரேமைத் தாழ்த்தியிருந்தார்கள். ஃபேரிங்கின் முகப்பில் தபால் பெட்டியின் வாய் போல நீளவாக்கில் ஒரு திறப்பு. அதற்குப் பின்னால் ஆயில் கூலர். பந்தய உலகம் அந்தக் கூட்டை இன்றும் ‘லெட்டர்பாக்ஸ் ஃபேரிங்’ என்றே அழைக்கிறது. 1971 டேடோனாவில் முதல் மூன்று இடங்களும் மூன்று சிலிண்டர் வண்டிகளுக்கே கிடைத்தன. டிக் மான் இம்முறை பிஎஸ்ஏவில் முதலாவது, டிரையம்ஃபில் ஜீன் ரோமெரோ இரண்டாவது, பிஎஸ்ஏவில் டான் எம்டி மூன்றாவது. வெற்றி முழுவதையும் ஒரு திறப்பின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும், காற்று நேரே வந்து மோதும் இடமே கூலருக்கு உரிய இடம் என்பதை அந்தக் கூடு எல்லோர் கண்ணுக்கும் காட்டியது.

இடம் மாற்றுவது சும்மா வருவதில்லை. ஆயில் ஹோஸ் நீளும். நீண்ட ஹோஸிலும் வளைவுகளிலும் அழுத்தம் குறையும். ஹேண்டிலைத் திருப்பும்போது ஃபோர்க் கூலரிலோ ஹோஸிலோ உரசக் கூடாது. கூலரிலிருந்து வெளியேறும் சூடான காற்று சிலிண்டர் ஹெட்டின் மேல் நேராக வீசினால், ஆயிலைக் குளிர்வித்த கையோடு ஹெட்டைச் சுட வைத்த கதையாகிவிடும். இன்னொரு ஆபத்தைப் பலர் யோசிப்பதே இல்லை: ஆயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்தாலும் கேடுதான். போதுமான சூடு ஏறினால்தான் அதில் கலந்த ஈரம் ஆவியாகும். இதற்காகவே பல வண்டிகளில் தெர்மோஸ்டாட் வைக்கிறார்கள். ஆயில் சூடாகும்வரை அது கூலருக்குப் போகும் வழியை அடைத்து வைத்திருக்கும்.

1985இல் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 சாலைக்கு வந்தபோது ஆயிலின் வேலையே மாறிவிட்டது. எட்சுவோ யோக்கோச்சியின் குழு, உராய்வைக் குறைக்கும் ஆயிலையே முக்கியக் குளிர்விப்பானாகவும் ஆக்கியது. ஒரு பம்ப் பாகங்களுக்கு ஆயில் கொடுத்தது. இன்னொன்று ஏராளமான ஆயிலை சிலிண்டர் ஹெட்டின் மேல் கொட்டியது. பிஸ்டன்களின் அடிப்பக்கத்திலும் ஆயில் பீய்ச்சப்பட்டது. தண்ணீரையும் அதற்கான பாகங்களையும் தவிர்த்தது எடை குறைய உதவியது; கம்பெனி சொன்ன உலர் எடை 176 கிலோ மட்டுமே. இவ்வளவு சூட்டைச் சுமக்கும் பெரிய கூலரை மறைத்து வைக்க இடமில்லை. ஹெட்டுக்கு முன்னால், காற்றுக்கு நேராக நிறுத்தினார்கள்.

பிஎம்டபிள்யூவின் கதை வேறு மாதிரி. அதன் சிலிண்டர்கள் இரு பக்கமும் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும். 1987இல் வந்த ஆர்100ஜிஎஸ் வண்டியில் கூலரை வலப்பக்கக் கிராஷ் பார் மேலேயே மாட்டியிருந்தார்கள். காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அது கரடுமுரடான பாதைக்கான வண்டி, விழாமல் இருக்காது. வலப்பக்கம் சாய்ந்தால் முதலில் தரையைத் தொடுவது கிராஷ் பார். கூலர் நசுங்கி ஆயில் வழிந்தால், ஆளில்லாத இடத்தில் பயணம் அங்கேயே முடிந்தது. நெடும்பயணம் போகிறவர்கள் பலர் கூலரைக் கழற்றி வண்டியின் முன்பக்க நடுவுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் செய்தது சரி. 1993இல் வந்த புதிய ஆர்1100ஜிஎஸ் வண்டியில் பிஎம்டபிள்யூவே ஆயில் கூலரை முன்விளக்குக்குக் கீழே வைத்துத் தந்தது.

தமிழ்நாட்டுச் சாலைகளிலும் இந்த வரலாற்றின் வாரிசுகள் ஓடுகின்றன. ராயல் என்ஃபீல்டின் 648 சிசி இன்டர்செப்டர் 2018இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. காற்றும் ஆயிலும் சேர்ந்து குளிர்விக்கும் இரட்டை சிலிண்டர் இன்ஜின் அது. அதன் ஆயில் கூலரைத் தேட வேண்டியதில்லை: இன்ஜினுக்கு முன்னால், முன்சக்கரத்துக்குப் பின்னால், எதிர்க்காற்றைப் பார்த்தபடி இருக்கிறது. சேறும் பூச்சியும் முதலில் அடைவதும் அங்கேதான். அந்த வண்டி வைத்திருப்பவர்கள், கழுவும்போது அதன் மெல்லிய ஃபின்கள் மடங்காதபடி தண்ணீரை மெதுவாகப் பாய்ச்சிச் சுத்தம் செய்யுங்கள்.