தேதி எழுதாத படம்

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு முதலில் பழக்கியது தேதி எழுதுவதைத்தான். நோட்டைத் திறந்ததும் முதல் வரியில் கிழமை, தேதி, மாதம், ஆண்டு. அதற்கடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. பிறகுதான் பாடம். அதன்பின் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அங்கேயும் தேதியில்லாத காகிதம் காகிதமே இல்லை. ஆகவே, உலகப் புகழ்பெற்ற ஒரு புகைப்படத்துக்கு அதை எடுத்தவரே தேதி குறிக்காமல் விட்டுவிட, ஐம்பது வருஷம் கழித்து நிலாவையே சாட்சிக்கு அழைக்க வேண்டி வந்தது என்று படித்தபோது எனக்கு அதில் தனி ருசி உண்டாயிற்று.

படம் எடுத்தவர் ஆன்சல் ஆடம்ஸ். இடம், அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் எர்னாண்டஸ் என்ற சிறு கிராமம். கடல் மட்டத்துக்கு மிக உயரத்தில் இருக்கும் வறண்ட பாலைப் பீடபூமி அது. 1941 அக்டோபரில் அமெரிக்க உள்துறை அவரை வேலைக்கு அமர்த்தியது. தேசியப் பூங்காக்கள் முதலான அரசு நிலங்களைப் படமெடுத்து, துறையின் கட்டடச் சுவர்களில் பெரிய அளவில் மாட்ட வேண்டும். ஊதியம் நாளுக்கு 22 டாலர் 22 சென்ட். வேலை செய்த நாளுக்குத்தான் பில். மற்ற நாட்களில் சொந்த பிலிமில் தனக்காகப் படம் எடுத்துக்கொள்ளலாம். இந்த நிபந்தனையை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எட்டு வயது மகன் மைக்கேலையும் நண்பர் செட்ரிக் ரைட்டையும் அழைத்துக்கொண்டு காரில் புறப்பட்டார். ஒரு நாள் சாமா ஆற்றுப் பள்ளத்தாக்கில் எதுவும் சரியாக அமையவில்லை. அலுப்போடு திரும்புகையில் இடப்பக்கம் பார்த்தால், மேற்கே இறங்கும் வெயில் கிராமத்துக் கல்லறைச் சிலுவைகள் மேல் வெள்ளையாகப் படுகிறது. பின்னால் மண்ணால் கட்டிய தேவாலயம், அதற்கப்பால் பனி மலைகள், மேகம், மேலே எழுந்துவிட்ட நிலா. காரைச் சாலையோரம் இறக்கி நிறுத்தி, 8×10 அங்குல பிலிம் போடும் பெரிய கேமராவை அவசரமாகப் பொருத்தினார். ஒளி அளக்கும் மீட்டரைத் தேடினால் கிடைக்கவில்லை.

அப்போது அவருக்குக் கைகொடுத்தது மனப்பாடம். நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவுக்கு வந்தது. ஏஎஸ்ஏ 64 பிலிமுக்கு, நிலா வெளுத்துப்போகாமல் பிரகாசமாக விழ எஃப் 8 துளையில் ஒரு விநாடியில் 60இல் ஒரு பங்கு போதும். மஞ்சள் பில்டருக்காக அதை மூன்று மடங்காக்கினால் 20இல் ஒரு பங்கு. முன்புறம் முதல் மலை வரை தெளிவாக விழ, துளையை எஃப் 32 ஆகச் சுருக்க வேண்டும். அதற்கு 16 மடங்கு. ஆக மொத்தம் ஏறக்குறைய ஒரு விநாடி. எடுத்தார். இன்னொன்று எடுத்து வைப்போம் என்று பிலிம் ஹோல்டரைத் திருப்பிப் போடுவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது. இரண்டாவது படம் இல்லை.

இது ஆடம்ஸ் முதுமையில் சொன்ன கதை. புகைப்படக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதையும் இதுதான். ஆனால் படம் முதன்முதலில், எட்வர்ட் ஸ்டைக்கன் தேர்ந்தெடுத்து, 1943க்கான 'யு.எஸ். கேமரா' ஆண்டு மலரில் வந்தபோது அவரே எழுதிய குறிப்பு வேறு மாதிரி இருக்கிறது. அதில் மீட்டர் தொலையவில்லை. வெஸ்டன் மீட்டரால் அளந்ததாகவே எழுதியிருக்கிறார். சூரியன் மறைந்த பிறகு எடுத்தது என்றும் சொல்கிறார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. திரும்பத் திரும்பச் சொன்ன சம்பவம் சொல்லச் சொல்லச் செதுக்கப்பட்டுவிடுகிறது. நம் வீட்டுக் கதைகளும் அப்படித்தானே?

தேதியிலும் இதே குழப்பம். 1940 முதல் 1944 வரை பல ஆண்டுகளை அவர் அந்தப் படத்துக்குக் கொடுத்திருக்கிறார். பயணக் கணக்கும் செலவுக் கணக்கும் ஒழுங்காக எழுதியவர், நெகட்டிவில் மட்டும் தேதி குறிக்கவில்லை. இது சின்ன விஷயமல்ல. அரசாங்கத்துக்குப் பில் போட்ட நாளில் எடுத்திருந்தால் நெகட்டிவ் அரசாங்கச் சொத்து. போடாத நாள் என்றால் அவருடையது. அந்த ஒரே நெகட்டிவிலிருந்து அவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிகள் போட்டிருக்கிறார். ஒரு பிரதி 2006இல் 6,09,600 டாலருக்கு ஏலம் போயிற்று.

தீர்வு படத்துக்குள்ளேயே இருந்தது. நிலா நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தாமதித்து எழுகிறது, வடிவமும் மாறுகிறது. மலைக்கு மேல் எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில், எந்தப் பிறையாக நிற்கிறது என்று தெரிந்தால் நாளையும் நேரத்தையும் கணக்கிட்டுவிடலாம். அதே தேதியில் அதே பிறை மீண்டும் வர 19 வருஷம் ஆகும். எனவே ஆடம்ஸ் சொன்ன ஆண்டுகளில் ஒன்றுதான் பொருந்த முடியும்.

புகைப்பட வரலாற்றாசிரியர் போமாண்ட் நியூஹால் கேட்டுக்கொண்டதன் பேரில் டேவிட் எல்மோர் என்ற வானியலாளர் கணக்கிட்டு, 1941 அக்டோபர் 31, மாலை 4 மணியை ஒட்டி என்றார். ஆடம்ஸும் அதை ஏற்றுக்கொண்டு, 1984இல் காலமானார். பிறகு 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' பத்திரிகையின் டென்னிஸ் டி சிக்கோ, நேரில் போய் கேமரா நின்ற இடத்தைச் சரிபார்த்து, மறுபடியும் கணக்குப் போட்டார். 1991இல் வெளியிட்ட விடை: 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் 20 விநாடி. எல்மோரும் அதை ஒப்புக்கொண்டார். அந்த ஊரில் அந்த நாளில் சூரியன் மறைவது 5 மணிக்குச் சற்றுப் பிறகு. ஆகவே சிலுவைகளில் இருந்தது கடைசி வெயில் என்பது சரி. சூரியன் மறைந்த பிறகு எடுத்தது என்ற பழைய குறிப்பு தவறு. நவம்பர் 1க்கு அவர் பில் போடவில்லை. நெகட்டிவ் அவருடையதே.

இதை நான் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டிலும் ஒரு பாலைவனப் படம் இருக்கிறது. எல்.டி.சி. சலுகையில் ஜெய்சால்மர் போனபோது சாம் மணல்மேட்டில் சாயங்காலம் எடுத்தது. மனைவி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் பிடித்து நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் சூரியன் இறங்குகிறது. 1991 என்று நான் சொல்வேன். இல்லை, 1989 என்று அவள் சொல்வாள். பெரியவன் பத்தாவது எழுதிய வருஷம் என்பது அவள் கணக்கு. ஆபீஸ் கணக்கெல்லாம் எனக்கு அத்துப்படி என்று அவள் வாயை அடைப்பேன்.

அந்த எல்.டி.சி. பில் ஃபைல், வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து என்றைக்கோ அழிக்கப்பட்டிருக்கும். படத்தில் நிலாவும் இல்லை. சூரியன் மட்டும் இருந்து பயனில்லை. அது ஒவ்வொரு வருஷமும் அதே நாளில் அதே இடத்தில் இறங்கும், எந்த வருஷம் என்று சொல்லாது. அவளும் போய் ஆறு வருஷமாகிறது.

ஆடம்ஸ் போன்ற ஒருவருக்கே ஞாபகம் இத்தனை வருஷம் பிசகியதென்றால், என் கணக்கு மட்டும் எப்படிச் சரியாகும்? நேற்று படத்தை ஆல்பத்திலிருந்து எடுத்துப் பின்புறம் பென்சிலால் எழுதினேன்: "ஜெய்சால்மர், 1989 (அவள் சொன்னது), 1991 (நான் சொன்னது)." கீழே சுருக்கொப்பமும் நேற்றைய தேதியும் இட்டேன்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் தேதியில்லாத படங்கள் இருக்கும். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.