தில்லிச் சேணமும் தமிழ்ப் பருமமும்: குதிரைக் கலணை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழ்நாட்டுக் குதிரை வரலாறு பெரும்பாலும் வாணிக வரலாறாகவும் படை வரலாறாகவுமே எழுதப்பட்டுள்ளது. குதிரை எங்கிருந்து வந்தது, என்ன விலைக்கு வாங்கப்பட்டது, எந்தப் போரில் எத்தனை குதிரைகள் நின்றன என்பன விரிவாக ஆராயப்பட்டுள்ளன. குதிரையின் முதுகுக்கும் வீரனுக்கும் இடையில் இருந்த கலணை அவ்வளவு கவனம் பெறவில்லை. தமிழ் வீரர்கள் கலணையின்றியே குதிரை ஏறினர் என்று பாரசீக வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதிய குறிப்பு, பாண்டியர் படையின் வலுவின்மைக்குச் சான்றாக எடுத்தாளப்படுவதுண்டு. அக்குறிப்பு எந்த அளவுக்கு ஏற்கத்தக்கது என்பதைத் தமிழ்ச் சொற்சான்றுகளையும் தில்லியின் குதிரைப் பராமரிப்பு முறையையும் ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மாபாரிலிருந்து தில்லிக்கு

பாரசீக, அரபு ஆசிரியர்கள் தமிழகத்துக் கடற்கரைப் பகுதியை மாபார் என்று அழைத்தனர். அங்குப் படையெடுத்துச் சென்ற மாலிக் காபூர் 1311 அக்டோபரில் தில்லிக்குத் திரும்பினார். அவர் கொணர்ந்தவற்றுள் 612 யானைகளும் 20,000 குதிரைகளும் இருந்தன என்பது ஜியாவுத்தீன் பரணியின் கணக்கு. அப்படையெடுப்பை அக்காலத்திலேயே எழுதிய அமீர் குஸ்ரு 512 யானைகள், 5,000 குதிரைகள் என்கிறார். குதிரைகளின் எண்ணிக்கையில் நான்கு மடங்கு வேறுபாடு உள்ளது. எனினும் பாண்டிய நாட்டுக் குதிரைகள் பெருந்தொகையாகத் தில்லியை அடைந்தன என்பதில் இருவரும் உடன்படுகின்றனர்.

இக்குதிரைகள் தமிழ் மண்ணில் பிறந்தவை அல்ல. பட்டினப்பாலை நீர்வழி வந்த குதிரைகளைக் காவிரிப்பூம்பட்டினத்தின் வளங்களுள் ஒன்றாகச் சுட்டுகிறது. அதே மரபு பிற்காலப் பாண்டியர் காலத்தில் காயல் துறைமுகத்தில் பேரளவில் தொடர்ந்தது. ஓர்முசு, கீசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து வணிகர் குதிரைகளை ஏற்றி வந்தனர். ஆகவே அரபுக் கடலைக் கடந்து காயலில் இறங்கிய குதிரை, சில ஆண்டுகளில் தில்லிச் சுல்தானின் லாயத்தில் நிற்க நேர்ந்தது. ஒரே விலங்கு இருவேறு சேண மரபுகளைச் சந்தித்தது எனலாம்.

2. வசாபின் குற்றச்சாட்டு

பாரசீகத்தின் பார்சுப் பகுதியில் வரித்துறை அலுவலராக இருந்த வசாப், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் வரலாற்று நூலை எழுதினார். ஆண்டுதோறும் வளைகுடாத் துறைகளிலிருந்து பத்தாயிரம் குதிரைகள் மாபாருக்கு அனுப்ப ஏற்பாடு இருந்தது என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார் என்றும் அவர் குறிக்கிறார். தொடர்ந்து, மாபாரில் குதிரைகளைக் கட்டிப்போட்டு, வறுத்த தானியத்தை நெய்யோடும் காய்ச்சிய பாலோடும் ஊட்டினர் என்றும், சேணம், மெத்தை, அங்கவடி ஆகிய மூன்றும் இல்லாமல் வீரர்கள் ஏறி விரட்டினர் என்றும், அதனால் சிறந்த குதிரைகளும் விரைவில் பயனற்றுப் போயின என்றும் எழுதுகிறார்.

அவருக்குச் சற்று முன்னர்த் தமிழகக் கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் குதிரைகளின் இறப்பைப் பேசுகிறார். ஆனால் அவர் கூறும் காரணம் வேறு. குதிரை மருத்துவமும் லாடமும் அறிந்தோர் அங்கு இல்லை. அத்தகையோர் அங்குச் செல்லாதவாறு வணிகர்களே பார்த்துக்கொண்டனர் என்பது அவர் கூற்று. குதிரை மடிந்தால் மறு ஆண்டும் வாணிகம் நடக்கும். வசாபின் செய்தியும் இவ்வணிகர் வட்டத்தின் வழியே வந்திருத்தல் இயல்பு. விற்ற சரக்கு விரைவில் கெட்டதற்கு வாங்கியவரின் அறியாமையைக் காரணமாகக் காட்டுவது விற்றவருக்கு வசதியானது. எனவே அக்குறிப்பைச் சோதிக்காமல் ஏற்றல் பொருந்தாது.

3. தமிழ்ச் சொற்கள் காட்டும் சேணம்

தமிழில் குதிரை முதுகுக் கருவிக்குச் சொற்கள் பல உள்ளன. பண், பருமம், பல்லணம், கலணை, சேணம், சீனி என்பன அவற்றுள் சில. அகராதிகள் இவற்றை ஒன்றற்கு ஒன்று பொருளாகத் தருகின்றன. இவ்வழக்கத்தால் இவற்றிடையே உள்ள வேறுபாடு மறைந்துபோகிறது.

பண் என்பது யானையையும் குதிரையையும் ஏறுதற்கு ஆயத்தம் செய்யும் கருவித் தொகுதியைக் குறிக்கும். பண்ணுதல் என்னும் வினை அதனோடு இயைந்தது. பருமம் நெடுநல்வாடையின் பாசறைப் பகுதியில் வருகிறது. மழையிரவில், பருமம் களையப்படாத குதிரைகள் சேற்றுத் தெருவில் தம்மேல் விழும் துளிகளை உதறுவதை நக்கீரர் காட்டுகிறார். போர்முனையில் எந்நேரமும் ஏறுவதற்கு ஆயத்தமாகக் குதிரைகள் நிறுத்தப்பட்டமை இதனால் பெறப்படுகிறது. பருமம் என்னும் இதே சொல் மகளிர் இடையில் அணியும் பல வட மேகலையையும் குறிக்கும். ஆகவே குதிரைப் பருமம் உடலைச் சுற்றி வாரால் பிணிக்கப்பட்ட ஒன்று எனக் கருத இடமுண்டு.

சேணம் என்னும் சொல்லுக்கு மெத்தை என்ற பொருளும் உண்டு என்பது இங்கு நோக்கத்தக்கது. பல்லணம் என்பது பரியாணம் என்னும் வடசொல்லின் பிராகிருத வடிவத்தின் வழியே வந்தது. அங்கவடி என்னும் சொல்லுக்குக் கன்னடத்திலும் தெலுங்கிலும் இனச்சொற்கள் உள்ளன; பாரசீகத்தின் ரிகாப் என்னும் சொல்லோடு அதற்குத் தொடர்பில்லை.

சொற்கள் மட்டும் காலத்தை நிறுவிவிடா. சிற்பச் சான்று துணை செய்கிறது. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தின் பாய்குதிரைத் தூண்களில் குதிரை அணிகள் நுணுக்கமாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஆயினும் அவை பதினாறாம் நூற்றாண்டைச் சார்ந்தவை. வசாபின் காலத்துக்குச் சான்றாகா. வசாபுக்குச் சமகாலத்தனவும் முற்பட்டனவுமான போசளர் சிற்பங்களே இங்கு முதன்மையானவை. அவற்றில் சேணமும் அங்கவடியும் தெளிவாக உள்ளமையை ழான் தெலோஷ் ஆராய்ந்து காட்டியுள்ளார். இந்தியக் கலையில் குதிரை ஏற்றக் கருவிகள் பற்றிய அவரது நூல் 1990-இல் சென்னையில் வெளிவந்தது. திருவரங்கத்துக்கு அருகே கண்ணனூர் வரை ஆட்சி செலுத்திய போசளர் அறிந்திருந்த கருவியை, அவர்களோடு போரும் உறவும் கொண்டிருந்த பாண்டியர் அறியவே இல்லை எனல் பொருந்தாது.

4. மெத்தையும் சட்டகமும்

அவ்வாறாயின் வசாப் கூறியது முற்றும் பொய்யா? சேணத்தின் அமைப்பை அறிந்தால் இவ்வினாவுக்கு விடை காணலாம்.

சேணம் அடிப்படையில் இருவகைப்படும். ஒன்று மெத்தைச் சேணம். துணியும் கம்பளியும் தோலும் பல மடிப்பாக வைத்துத் தைக்கப்பட்டு, வயிற்றுவாரால் கட்டப்படுவது. இது வளைந்து கொடுக்கும். ஆதலின் எந்தக் குதிரையின் முதுகிலும் படியும். ஆனால் வீரனின் எடை நேரே முதுகெலும்பின்மேல் இறங்கும். நெடுந்தொலைவு செல்லும்போதும் அங்கவடியில் கால் ஊன்றி எழும்போதும் இக்குறை பெரிதாகும்.

மற்றொன்று சட்டகச் சேணம். முன்னும் பின்னும் இரு வளைவுகளும், அவற்றை இணைக்கும் இரு பக்கப் பலகைகளும் கொண்ட மரச்சட்டகம் இதன் உள்ளுறுப்பு. பலகைகள் முதுகெலும்பின் இருமருங்கும் உள்ள தசைகளின்மேல் அமர்ந்து எடையைப் பகிர்ந்து தாங்கும். முதுகெலும்பு இடையில் தீண்டப்படாமல் இருக்கும். இதுவே இதன் சிறப்பு. ஆனால் மரம் வளையாது. எந்த முதுகுக்கு அளவெடுத்துச் செய்யப்பட்டதோ அம்முதுகுக்கே அது முற்றப் பொருந்தும். வளைவு குறுகினால் தோள்மேட்டை நெருக்கும். அகன்றால் முதுகெலும்பின்மேல் இறங்கும். பலகை முன்னே நீண்டால் தோளின் அசைவைத் தடுக்கும். பின்னே நீண்டால் இடுப்பை அழுத்தும். இவற்றுள் எது நேரினும் முதுகில் புண் உண்டாகும். புண்பட்ட குதிரை, எத்துணை விலை பெற்றதாயினும், ஏறுதற்கு ஆகாது.

வசாப் சேணம், மெத்தை, அங்கவடி என மூன்றைத் தனித்தனியே எண்ணுகிறார். அவருடைய வழக்கில் சேணம் என்பது சட்டகம். மெத்தை அதற்கு அடியில் இடுவது. சட்டகமே சேணம் என்று பழகிய ஒருவர், தமிழ் வீரன் மெல்லிய பருமத்தின்மேல் அமர்ந்திருக்கக் கண்டால் சேணமின்றி ஏறினான் என்றே கூறுவார். ஆகவே அவர் கூற்றைச் சேணம் பற்றிய அறியாமைக்குச் சான்றாகக் கொள்ளாமல், வேறுவகைச் சேணம் வழக்கில் இருந்தமைக்குச் சான்றாகக் கொள்வது பொருத்தமுடையது.

5. தில்லியின் குதிரைகளும் நம்தாவும்

சட்டகச் சேணத்தைப் பயன்படுத்திய தில்லிக்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. அலாவுதீன் கில்ஜி (1296-1316) குதிரைச் சந்தையை ஒழுங்குபடுத்தினார். முதல்தரக் குதிரைக்கு 100 முதல் 120 தங்கா, இரண்டாம் தரத்துக்கு 80 முதல் 90, மூன்றாம் தரத்துக்கு 65 முதல் 70, மட்டக்குதிரைக்கு 10 முதல் 25 என விலை வரையறுக்கப்பட்டதைப் பரணி கூறுகிறார். ஒரு குதிரையைக் காட்டிவிட்டு வேறொன்றைக் கொணரும் ஏமாற்றைத் தடுக்கச் சூட்டுக்குறி இடும் முறையும் நடைமுறைக்கு வந்தது. விலையையும் அடையாளத்தையும் அரசு ஒழுங்குபடுத்த முடிந்தது. முதுகின் வடிவை ஒழுங்குபடுத்த இயலாது.

தில்லிப் படையில் கடல்வழி வந்த குட்டை முதுகுடைய அரபுக் குதிரையும், மத்திய ஆசியாவிலிருந்து மலை கடந்து வந்த துருக்கிக் குதிரையும், உள்நாட்டுக் குதிரையும் அருகருகே நின்றன. அக்பர் காலத்து அயினி அக்பரி குதிரைகளை அரபி, பாரசீகம், முஜன்னஸ், துருக்கி, யாபு, தாசி, ஜங்லா என ஏழாகப் பகுக்கிறது. அந்நூல் குதிரைக்குரிய போர்வை, சேணத்துணி, வயிற்றுவார் முதலியவற்றைத் தனித்தனியே விலையிட்டுக் கூறுவதோடு, குதிரையின் தரத்துக்கேற்ப ஒதுக்கீடு வேறுபட்டதையும் பதிவு செய்கிறது.

இத்தகைய பன்மையில் ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு சட்டகம் செய்தல் அரிது. இடைவெளியை நிரப்பியது கம்பளி மயிரை அழுத்திச் செய்த தடித்த விரிப்பு. உருதுவில் இது நம்தா எனப்படும். சட்டகத்துக்கும் முதுகுக்கும் இடையே இடப்பட்ட இவ்விரிப்பு வியர்வையை உறிஞ்சியது. பலகையின் விளிம்பு உறுத்தாமல் காத்தது. சிறு அளவு வேறுபாடுகளை ஈடுசெய்தது. வளையாத சட்டகத்துக்கு அடியில் வளையும் மெத்தை தேவைப்பட்டது என்பதே இதன் பொருள். தமிழ்ப் பருமத்தின் இயல்பு தில்லிச் சேணத்தின் உள்ளேயே இடம்பெற்றிருந்தது. இந்த நம்தா என்னும் சொல்லே பின்னர் ஆங்கிலத்தில் நம்னா எனத் திரிந்து, சேண அடிவிரிப்பைக் குறித்து இன்றும் வழங்குகிறது.

6. செஞ்சி தந்த சான்று

தில்லியின் குதிரைச் சொற்கள் தமிழில் பரவிய சூழலைச் செஞ்சி வரலாறு விளக்குகிறது. ஔரங்கசீப்பின் படை செஞ்சியைக் கைப்பற்றிய பின்னர், பந்தேலர் மரபினரான சொரூப்சிங் அக்கோட்டையின் பொறுப்பைப் பெற்றார். அவர் மகன் தேஜ்சிங் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்து 1714-இல் போரில் மாண்டார். மக்கள் அவரைத் தேசிங்குராசன் என்று பாடினர். அக்கதைப்பாடலில், தில்லிப் பாதுசாவின் அடங்காக் குதிரையைத் தந்தையால் அடக்க முடியாமற்போக, இளைஞனான தேசிங்கு தில்லிக்குச் சென்று அதன்மேல் ஏறி அடக்குகிறான். வரலாற்று உண்மையைவிட, செஞ்சியின் மேன்மையைத் தில்லிக் குதிரையின் முதுகில் வைத்து மக்கள் அளந்த முறையே இங்குக் கருதத்தக்கது.

இக்கால அளவில் சவாரி, சவுக்கு, லகான், சீனி முதலியன தமிழில் வேரூன்றின. சீனி அல்லது ஜீனி என்பது பாரசீகத்தின் சீன் என்னும் சொல்லின் வடிவம். ஆனால் அங்கவடி நிலைத்தது. ரிகாப் பரவலாக இடம்பெறவில்லை. சட்டகச் சேணத்துக்குப் புதுச்சொல் வந்தது. அங்கவடிக்குப் பழஞ்சொல் போதுமானதாக இருந்தது. எது புதிதாக வந்தது, எது முன்பே இருந்தது என்பதை இவ்வேறுபாடு குறிப்பாக உணர்த்துகிறது.

7. பொருந்தும் சட்டகம்

மெத்தையின் இசைவையும் சட்டகத்தின் தாங்கும் ஆற்றலையும் ஒன்றாக்கும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில் ஒரு முடிவை எட்டியது. தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என 1911 திசம்பரில் தில்லி தர்பாரில் அறிவிக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டின் பெயரைத் தாங்கி, 1912-ஆம் ஆண்டுப் பொது அமைப்புச் சேணம் பிரித்தானியப் படைக்கு வந்தது. இதன் எஃகு வளைவுகளோடு பக்கப் பலகைகள் அசையும் மூட்டால் இணைக்கப்பட்டன. முதுகு அகன்றதாயினும் குறுகியதாயினும் பலகைகள் தாமே சாய்ந்து படிந்தன. படைநடப்பில் குதிரை இளைத்தபோது அடியிலிடும் கம்பளத்தின் மடிப்பு கூட்டப்பட்டது.

இந்தியாவில் சேணத் தொழில் கான்பூரில் நிலைகொண்டது. 1860-களில் அங்குத் தொடங்கிய அரசுச் சேணத் தொழிற்சாலை படைக்குச் சேணம் வழங்கியது. கான்பூர்ச் சேணத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. குடியரசு நாளன்று தில்லிப் பெருவழியில் 61-ஆம் குதிரைப்படையும் குடியரசுத் தலைவரின் மெய்க்காவற்படையும் அணிவகுக்கும்போது, இந்நெடிய மரபின் எச்சத்தைக் காண முடிகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, மாபார் வீரர் சேணமின்றி ஏறினர் என்னும் வசாபின் கூற்றைச் சட்டகச் சேணத்தை மட்டுமே சேணமாகக் கருதியவரின் கூற்றாகக் கொள்ள வேண்டும். பாண்டியர் தோல்விக்கு அதனைக் காரணமாக்குதல் தகாது. இரண்டாவது, பண், பருமம், சேணம், சீனி என்பன ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. தொகுதி, வார்ப்பிணிப்பு, மெத்தை, சட்டகம் என்னும் வேறுபாட்டை அவை உணர்த்தக்கூடும். சங்க நூல்களுக்கு உரை காண்போரும் அகராதி தொகுப்போரும் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம். மூன்றாவது, நல்ல சேணம் என்பது விலையாலோ அணியாலோ அமைவதன்று. குதிரையின் முதுகு பருவத்தாலும் உழைப்பாலும் அகவையாலும் மாறுவது. அம்மாற்றத்துக்கு இடங்கொடுப்பதே நல்ல சேணம். தமிழ்ப் பருமம் மென்மையாலும், தில்லிச் சேணம் நம்தாவாலும், பிற்காலச் சேணம் அசையும் மூட்டாலும் நாடியது அப்பொருத்தத்தையே ஆகும்.